தலைப் பிரசவத்துக்குக் காய்ச்சலோடு போனேன்

சிங்கப்பூரில் நான் அதிகமாகப் பார்த்தது ஒரு இரும்புக் கதவைத்தான். என் மெஸ்ஸுக்குச் சாப்பிட வரும் பிள்ளைகள் இதை நம்புவதில்லை. "ஆயா, கடலு பாத்தியா, பில்டிங்கெல்லாம் பாத்தியா" என்று கேட்கிறார்கள். பார்த்தேன். ஆம்புலன்ஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், அவசரம் ஒன்றும் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனிகளுக்கு எதிரே மெஸ் நடத்துகிறேன். வீட்டுக்காரர் போன பிறகு அந்த அடுப்பை வைத்துத்தான் என் ஒரே மகள் செல்வியைப் படிக்க வைத்தேன், கட்டியும் கொடுத்தேன். மாப்பிள்ளை குமரேசன் வேப்பம்பட்டுக்காரர். சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டிங்கைச் சோதிக்கிற வேலை. கல்யாணம் ஆகி வெகுநாள் கழித்து செல்வி உண்டானாள். டாக்டரம்மா விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அவளால் இங்கே வர முடியவில்லை. தலைப் பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டியது. பெண் வர முடியாவிட்டால் தாய் போக வேண்டும். எனக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

மாப்பிள்ளை தன் அம்மாவுக்கும் எனக்கும் முன்பே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். எனக்கு டிக்கெட் போட்டார். மலிவான விமானம். போக ஒரு தேதி, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப ஒரு தேதி. மெஸ்ஸை அதற்கு மேல் மூடி வைக்க முடியாது. "அத்த, இந்த டிக்கெட்ட மாத்த முடியாது. போலன்னா போனதுதான்" என்று போனில் சொன்னார்.

புறப்பட இருந்த சமயத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. பன்றிக் காய்ச்சல் என்று ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த வருஷம் அது. மெஸ்ஸில் சாப்பிடுகிற பிள்ளைகள் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் காய்ச்சலை ஒரு வியாதியாக எப்போதும் நினைத்ததில்லை. காய்ச்சலோடு நின்று எத்தனையோ தரம் அண்டா இறக்கியிருக்கிறேன். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பத்தியத்துக்கு வேண்டிய பொடியை இடித்தேன். பால் சுறாக் கருவாடு பழவேற்காட்டிலிருந்து வரவழைத்திருந்தேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைப்போல ஒன்று கிடையாது.

விஷயம் தெரிந்து சம்பந்தியம்மா வேப்பம்பட்டிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். என் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா சம்மந்தி இது, ஒடம்பு நெருப்பா கொதிக்குது. எனக்கும் பாஸ்போர்ட்டு கீது. வேற டிக்கெட்டு போடச் சொல்லி நான் போறேன். நீங்க நல்லாயிக்கினு பின்னால வாங்க."

"தலப் பிரசவம் பொண்ணப் பெத்தவ செய்யறது."

"இல்லன்னு யார் சொன்னது? வாரம் பத்து நாளுதான."

"ஆத்தாக்காரி அடுப்ப விட்டு வர மாட்டேன்னுட்டா, மாமியார்க்காரி போய்ப் பாத்தான்னு நாலு பேரு பேசுவாங்க. அதுக்கா நான் பெத்தேன்?"

"யாருங்க பேசப் போறாங்க?"

"பேசுவாங்க."

காபி கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். மெஸ்ஸில் எனக்குக் கூடமாட வேலை செய்கிற ராணி, "யக்கா, அந்தம்மா நல்லதத்தான சொல்லுது. பொட்லம் கட்ற கை எப்பிடி ஆடுது பாரு" என்றாள். வாயை மூடிக்கொண்டு பூண்டை உரி என்றேன்.

மறுநாள் மீனம்பாக்கத்தில் என் பெட்டியை எடை போட்டார்கள். உதட்டுச் சாயம் பூசிய பெண் ஒன்று, எடை அதிகம், எதையாவது எடுங்கள் என்றது. திறந்து பார்த்து, "கல்லு எதுக்கும்மா?" என்றது.

"பொறக்கப் போற புள்ளைக்கு மருந்து ஒரசறதுக்கு."

"சிங்கப்பூர்ல கல்லு இருக்காதா?"

"இருக்கும். வசம்பு ஒரசன கல்லு இருக்குமா?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உரைகல்லைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் திரும்ப நடந்து, வழியனுப்ப வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற ராணியிடம் கொடுத்தேன். அந்த நடையிலேயே மூச்சு வாங்கிவிட்டது. மாத்திரை இன்னொன்று போட்டேன்.

விமானத்துக்குள் நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரிதான் உட்கார வைக்கிறார்கள். முட்டி முன் சீட்டில் இடிக்கிறது. மேலே இருந்து குளிர்காற்று தலையிலேயே கொட்டியது. எனக்குப் பல் தந்தி அடித்தது. போர்வை கேட்டேன், விலை சொன்னார்கள். தண்ணீர் கேட்டேன், அதற்கும் விலை சொன்னார்கள். என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. என் மெஸ்ஸில் உட்கார்ந்தவன் வாய் திறக்கும் முன் இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் வந்துவிடும். உட்கார வைத்துவிட்டுத் தாகத்துக்கு விலை சொல்கிறவர்களிடம் வாங்கக் கூடாது என்று வீம்பாக இருந்துவிட்டேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினேன்.

பக்கத்து சீட்டில் திருத்தணிப் பக்கத்துப் பிள்ளை ஒருவன். கட்டட வேலை. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்துவிட்டுத் திரும்புகிறானாம். அவன் ஒரு பாட்டில் வாங்கி மூடியைத் திறந்து என் கையில் வைத்தான்.

"குடிங்கம்மா."

"வேணாம் நைனா."

"உங்க புள்ள வாங்கிக் குடுத்தா குடிக்க மாட்டீங்களா? குடிங்க. ஒதடு காஞ்சி கெடக்குது."

குடித்தேன். பாதிப் பாட்டில் ஒரே மூச்சில் போயிற்று. "காச்சலாம்மா?" என்று கேட்டான். "அலைச்சல்" என்றேன். அவன் எடுத்து வந்த பிஸ்கட்டைக் கொடுத்தான். நாளைக்குக் காலையில் வேலைக்குப் போய் நிற்க வேண்டும், ஒரு நாள் தாமதமானாலும் சூப்பர்வைசர் உயிரை எடுத்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டே வந்தான். தங்கச்சி கல்யாணத்தில் சாம்பார் பற்றாமல் போன கதையைச் சொன்னான். எத்தனை பேருக்கு எவ்வளவு பருப்பு போட்டார்கள் என்று கேட்டு, எங்கே தப்பு நடந்தது என்று நான் சொன்னேன். நல்ல பிள்ளை.

இறங்குவதற்கு முன் சீட்டு கொடுத்தார்கள், பேர் ஊர் எல்லாம் எழுத. என்னுடையதையும் அவனே எழுதினான். ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினான்.

"அம்மா, காச்சல், இருமல் இருக்குதான்னு கேக்குது. இன்னா போட?"

எனக்கு அந்த நேரத்தில் செல்வியின் முகம்தான் முன்னால் நின்றது. "இல்லன்னு போடு நைனா" என்றேன். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு இல்லை என்று போட்டான்.

மலிவு விமானத்துக்குத் தனி நிலையம். ஏணியில் இறங்கி வெயிலில் நடந்தோம். உள்ளே ஒரு டிவி மாதிரிப் பெட்டி வைத்து இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் நடந்து போகிற எல்லாரும் பச்சையும் மஞ்சளுமாகத் தெரிந்தார்கள். நான் வந்ததும் பெட்டி சத்தம் போட்டது. எட்டிப் பார்த்தேன். கரி நன்றாகப் பிடித்த அடுப்பு மாதிரி சிவப்பாக இருந்தேன். மாத்திரையின் வேலை அதற்குள் முடிந்துவிட்டது போலிருக்கிறது.

கையுறை போட்ட ஒரு பெண் வந்து என் வாயையும் மூக்கையும் மூடி முகமூடி கட்டினாள். கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் நிறை வயிற்றோடு நின்றுகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். "எம் பொண்ணு, எம் பொண்ணு" என்று கை காட்டினேன். அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே என்னை வேறு பக்கம் நடத்தினார்கள். திரும்பிப் பார்த்தபோது அந்தத் திருத்தணிப் பிள்ளை தன் பையை மார்போடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்து நின்றான். அவன் பேரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தனி அறை. மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். பன்றிக் காய்ச்சல்தான் என்று தெரிந்தது. வேளைக்கு மாத்திரை, வேளைக்குக் கஞ்சி. கஞ்சியில் உப்பு என்பதே கிடையாது. அறை சுத்தம், படுக்கை சுத்தம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. நம் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருப்பதைப் பார்த்தவள் நான். ஆனால் அங்கே பேச்சுத் துணை இருக்கும். இங்கே சுவர்தான்.

மலேசியத் தமிழ் நர்ஸம்மா ஒருத்தி வந்தாள். "அம்மா, சீட்டுல காய்ச்சல் இல்லன்னு எழுதியிருக்கீங்களே?" என்றாள்.

"அத எழுதனது நான் இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய் விழும் என்று உறைத்தது. என்னைச் சுற்றி உட்கார்ந்து வந்தவர்களையும் பிடித்துத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள் என்று அவளே சொன்னாள். அப்படியானால் அந்தப் பிள்ளை மறுநாள் வேலைக்குப் போயிருக்க முடியாது.

"இரும்மா. எழுதனது அவன்தான், எழுதச் சொன்னது நான். அவம் மேல தப்பில்லன்னு எழுதிக்கோ. கட்டட வேலக்காரப் பையன். மொதலாளிக்கிட்டயும் யாராவது சொல்லணும்."

"சொல்றேம்மா, நீங்க படுங்க" என்றாள். சொன்னாளோ இல்லையோ. அடுத்த நாள் வேறொருத்தி வந்தாள், அவளுக்குத் தமிழ் தெரியாது. அவனுக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. செல்வியைப் பற்றி நினைக்கிற நேரம் போக மீதி நேரம் அவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அந்த அறையில் இருக்கும்போதே செல்விக்கு வலி கண்டது. வேறொரு ஆஸ்பத்திரியில் பிரசவம். மாப்பிள்ளை போன் செய்தார்.

"அத்த, ஆம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க."

"கூட யாருப்பா இருந்தாங்க?"

"நான் இருந்தேன். அப்புறம் நம்ம ஊட்டுக்காரம்மா இருந்தாங்க."

அவர் சொன்னது வீட்டுச் சொந்தக்காரி. மலாய்க்காரப் பெண்மணி. அவர் வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத்தான் இவர்கள் இருந்தார்கள். என் பெண்ணின் தலைப் பிரசவத்துக்கு, அவள் பாஷைகூடச் சரியாகத் தெரியாத ஒரு பெண் கை பிடித்து நின்றிருக்கிறாள். நான் நாலு தெரு தள்ளி உப்பில்லாத கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

என்னை வெளியே விடும்போது டாக்டர், இருமல் நிற்கிற வரைக்கும் பிள்ளை பெற்றவளிடமும் குழந்தையிடமும் போகாதே என்று சொல்லி அனுப்பினார். எங்கே தங்குவது? வீட்டுக்காரம்மாவே வழி சொன்னார். அந்த ஊர் அடுக்கு மாடி வீடுகளில் சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. சண்டை வந்தால் குண்டுக்கு ஒளிய என்று கட்டியதாம். சும்மா இருக்கும்போது அரிசி மூட்டையும் பழைய சாமானும் போட்டு வைக்கிறார்கள். சாமானை ஓரம் தள்ளி எனக்குப் பாய் போட்டார். கதவு முழுக்க இரும்பு, கையளவு கனம். எங்கள் சிப்காட்டில் உருக்குகிற இரும்பெல்லாம் எங்கே போகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன்.

மாக்சிக் என்று அவரைக் கூப்பிட்டார்கள். சின்னம்மா என்கிற மாதிரி. வாட்டசாட்டமான அம்மாள், என் வயதுதான் இருக்கும். ஒரு ஸ்டூலில் சோறும் மஞ்சள் போட்ட மீனும் வைத்துவிட்டுப் போனார். நான் தொடாமல் இருந்தேன். பிரசவம் பார்க்க வந்தவள் மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவதா? திரும்பி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து என்னவோ சொன்னார். அந்தப் பக்கம் இருந்து செல்வி சிரித்துக்கொண்டே, "ஒடம்புக்குத்தான் காச்சல், தட்டுக்கு இன்னா கோவம்னு கேக்கறாங்கம்மா" என்றாள். சாப்பிட்டேன்.

குளிப்பாட்டும் நேரம்தான் எனக்குப் பெரிய வாதை. கதவை ஒரு விரல் திறந்து வைத்துக்கொள்வேன். அங்கிருந்து குளியலறை வாசல் தெரியும், உள்ளே தெரியாது. மாக்சிக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார், கெண்டைக்கால் இரண்டு மட்டும் தெரியும். நம் பெண்கள் உட்காருகிற மாதிரியேதான். பிள்ளை வீறிடும்.

"தலையக் கையில தாங்கச் சொல்லு செல்வி! காதுல தண்ணி போயிடப் போவுது!"

செல்வி தெரிந்த மட்டும் சொல்வாள். உள்ளே இருந்து மாக்சிக் பதில் சொல்வார், செல்வி அதைத் தமிழில் திருப்பிச் சொல்வாள். "நான் பெத்தது ஆறு, பேரன் பேத்தி பதினொண்ணு, எல்லாத்துக்கும் காது நல்லாத்தான் கேக்குதாம்மா."

செல்வியின் வயிற்றில் நீளத் துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டினார். நாங்களும் கட்டுவோம், ஆனால் இவ்வளவு அழகாக முடிச்சுப் போட மாட்டோம். நான் கொண்டுபோன சுறாவைப் புட்டு செய்கிற விதம் கதவுக்கு இப்பாலிருந்து சொன்னேன். அவர் பாதி கேட்டார், பாதி தன் இஷ்டத்துக்கு ஏதோ வாசனைப் புல்லைக் கிள்ளிப் போட்டார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நன்றாக இருந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்தேன்.

இருமல் நிற்கவில்லை. ஒரு நாள் மதியம் மாக்சிக் கடைக்குப் போயிருந்தார். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. செல்விக்கு எழுந்து நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. "வலிக்குதும்மா" என்று அவளும் அழுதாள். நான் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகவும் பயம், போகாமல் இருக்கவும் முடியவில்லை.

"ஏம்மா காச்சலோட வந்தே?" என்று செல்வி கத்தினாள். "ஒங்கிட்ட நான் கேட்டனா? எங்க மாமியாரு வர்றேன்னு சொன்னாங்களாமே. அவங்களாவது வந்திருப்பாங்க இல்ல? இப்ப நீயும் இல்ல, அவங்களும் இல்ல."

"அவங்க வந்தா ஊரு இன்னா பேசும்டி?"

"இங்க எந்த ஊரும்மா பாக்குது? ஜன்னலத் தொறந்து பாரு. எதிர்ல கீறவன் பேரு எனக்குத் தெரியாது, எம் பேரு அவனுக்குத் தெரியாது. யாரு பேசப் போறா?"

சம்பந்தியம்மா கேட்ட அதே கேள்வி. மாக்சிக் வந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினார். அழுகை நின்றது. நான் உள்ளே போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்புகிற தேதி வந்துவிட்டது. இருமல் குறைந்திருந்தது, விட்டபாடில்லை. மாப்பிள்ளை, "வேற டிக்கெட்டு பாக்கட்டுமா அத்த?" என்றார். இன்னும் எத்தனை நாள் இருமலோ, அந்தக் கதவுக்குப் பின்னால் எனக்கும் சோறு போட்டுக்கொண்டு இவர்கள் படுகிற பாடு போதும் என்றேன்.

கிளம்பும்போது வாசலில் நின்றேன். செல்வி கூடத்தின் அந்தக் கடைசியில், ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். கையில் வெள்ளைத் துணிச் சுருள்.

"இங்க பாரும்மா" என்று தூக்கிக் காட்டினாள். பின்னால் வெயில். துணியும் அதற்கு மேலே கொஞ்சம் கருப்பு முடியும் தெரிந்தன. கண்ணை இடுக்கிப் பார்ப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன். இருமி முடித்துத் திரும்பியபோது பிள்ளை அவள் தோளில் சாய்ந்திருந்தது. மாப்பிள்ளை லிஃப்ட் வந்துவிட்டது என்று கூப்பிட்டார். மாக்சிக் என் பையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துவிட்டு என் முழங்கையை அழுத்திப் பிடித்தார். என்னவோ சொன்னார். மொழிபெயர்த்துச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை.

திரும்பும் விமானத்தில் முகமூடியை எடுக்கவே இல்லை. தண்ணீரை நானே காசு கொடுத்து வாங்கினேன். போர்வையும் வாங்கினேன்.

திரிசூலத்தில் மின்சார ரயில் பிடித்துப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு சென்ட்ரல் பக்கம் ரோட்டைக் கடந்தேன். கும்மிடிப்பூண்டி வண்டி புறப்படத் தயாராக நின்றுகொண்டிருந்தது. ஏறினால் உட்கார இடம் இருந்தது. ராணி அடுப்பு மூட்டிச் சோறு வைத்திருப்பாள். நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்த மேடைக்குப் போய்த் திருவள்ளூர் வண்டியில் ஏறினேன். கூட்டம். வேப்பம்பட்டு வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

சம்பந்தியம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பெட்டியோடு என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இன்னா சம்மந்தி, ஊட்டுக்குக்கூடப் போவாம நேரா வந்துட்டீங்க? உள்ள வாங்க."

"உள்ள வரல. இன்னும் இருமல் கீது. நீங்களும் அங்கயே நில்லுங்க."

கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். வழியெல்லாம் எப்படிப் பேசுவது என்று யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"நீங்க போங்க சம்மந்தி. செல்விக்கு ஆள் இல்ல. மாப்பிள்ளைக்கு இன்னிக்கே போன் போட்டு டிக்கெட்டு எடுக்கச் சொல்லுங்க."

அவர் என்னையே பார்த்தார். அன்றைக்குச் சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாங்கிக்கொள்ளத்தான் நின்றிருந்தேன். அவர் சொல்லவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது.

"போறேன், போறேன். அது கெடக்கட்டும். கொழந்த யாரு ஜாடை? எம் புள்ள ஜாடையா, உங்க பொண்ணு ஜாடையா? மூக்கு எப்பிடி கீது?"

"தெரியல சம்மந்தி" என்றேன். "நீங்க போய்ப் பாத்து எனக்குச் சொல்லுங்க."